கஷ்டமான சுடோகுவும் 240 வருஷ ஊகமும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்த கஷ்டமான சுடோகுவைப் பாதியில் விட்டு வச்சிருக்கறவங்க பொறுமையா படிங்க.

உங்களுக்குப் பழக்கமான இடம்தான். முதல் இருபது கட்டம் மடமடன்னு விழுந்திருக்கும். அப்புறம் நகராது. ஒரு கட்டத்தில் 4 இல்லேன்னா 9, ரெண்டில் ஒண்ணுன்னு தெரியும். எதுன்னு தெரியாது. "4-ஆத்தான் இருக்கும்"னு மனசு சொல்லும். போட்டுடுவீங்க. அரை மணி நேரம் கழிச்சு ஒரே வரிசையில் ரெண்டு 7 நிற்கும். எங்கே தப்பாச்சுன்னு திரும்பிப் போகவும் வழி இருக்காது. ரப்பர் தேடுவீங்க, பேனாவில் போட்டிருந்தா பேப்பரை மடிச்சு வச்சுட்டு எழுந்துடுவீங்க.

அந்த இடத்தில் ஊகிக்காமலே மேலே போகலாம். அதுக்கான உத்திகள் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, இந்தப் புதிரோட வரலாறு முழுக்க ஒரே சண்டைதான்: "இருக்கும்னு தோணுது" என்பதற்கும் "இருந்தே தீரணும்" என்பதற்கும் நடந்த சண்டை. டாக்டர் வேலையில் தினமும் நடக்கிற சண்டையும் அதுதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் ஆள் ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்த கணித மேதை. 1782-ல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்றில்தான் சுடோகுவின் தாத்தா இருக்கு. ஒரு சதுரத்தில் எழுத்துகளை நிரப்பணும். எந்தக் கிடை வரிசையிலும் எந்த நெடுவரிசையிலும் ஒரே எழுத்து ரெண்டு தடவை வரக்கூடாது. லத்தீன் எழுத்துகளைப் போட்டதால் லத்தீன் சதுரம்னு பேர் வந்தது.

இதை எழுதின காலத்தில் ஆய்லருக்குக் கண் கிட்டத்தட்ட தெரியாது. வலது கண் பார்வை முப்பது வயசு வாக்கிலேயே போயிடுச்சு. இடது கண்ணில் கண்புரை. 1771-ல் ஆபரேஷன் பண்ணாங்க. கொஞ்ச நாள் பார்வை திரும்பி வந்து, அப்புறம் அதுவும் போச்சு. கிருமின்னு ஒண்ணு காயத்துக்குள்ளே போகும்கிற எண்ணமே இல்லாத காலம். கட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாத மனுஷன் தலைக்குள்ளேயே சதுரங்களை அடுக்கியிருக்கார். நமக்கு பென்சில், ரப்பர், மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கு.

அந்தக் கட்டுரையில் அவர் கேட்ட கேள்வி பிரபலமானது. 6 படைப்பிரிவு, ஒவ்வொன்றிலும் 6 வெவ்வேறு பதவியில் ஆளுக்கு ஒரு அதிகாரி, மொத்தம் 36 பேர். 6-க்கு 6 சதுரமா நிறுத்தணும். ஒவ்வொரு கிடை வரிசையிலும் நெடுவரிசையிலும் எல்லாப் பிரிவும் எல்லாப் பதவியும் ஒரு தடவை வரணும். ஆய்லருக்கு விடை கிடைக்கலை. முடியாதுன்னுதான் நினைச்சார். அதோட நிற்காம, 6 மட்டுமில்லை, 10, 14, 18 என்று அந்த வரிசையில் வர்ற எந்த அளவுக்கும் முடியாதுன்னு ஒரு ஊகத்தையும் எழுதி வச்சார்.

ஆய்லர் சொல்லிட்டார், அப்ப சரியாத்தான் இருக்கும்னு நூறு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. 1901-ல் காஸ்டோன் டாரி 6-க்கு 6 உண்மையிலேயே முடியாதுன்னு நிரூபிச்சார். அவர் பேராசிரியர் இல்லை, அல்ஜீரியாவில் வேலை பார்த்த பிரெஞ்சு அரசு ஊழியர். எப்படி நிரூபிச்சார்? சாத்தியங்களை வகை வகையாப் பிரிச்சு, கையாலேயே ஒவ்வொண்ணா அடிச்சார். பொறுமைன்னா அது.

ஆனா 10? 1959-ல் ராஜ் சந்திர போஸ், எஸ்.எஸ். ஸ்ரீகண்டே என்ற ரெண்டு இந்தியர்களும் பார்க்கர் என்ற அமெரிக்கரும் சேர்ந்து ஆய்லரின் ஊகம் தப்புன்னு காட்டினாங்க. 10-க்கு 10 அமைக்கலாம். 14, 18 எல்லாமே அமைக்கலாம். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. (ஸ்ரீகண்டே 2020-ல் 102 வயசில் காலமானார். எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும் நம்ம ஊர்ல?) ஆக, ஆய்லரோட ஒரே ஊகம் 6-ல் சரி, 10-ல் தப்பு. உலகத்தின் மிகச்சிறந்த மூளையே போட்டாலும் ஊகம் ஊகம்தான்.

சுடோகுவுக்கு வருவோம். 1890-களில் பாரிஸ் பத்திரிகைகளில் இதுக்கு நெருக்கமான எண் புதிர்கள் வந்து, கொஞ்ச காலத்தில் மறைஞ்சும் போச்சு. நாம இப்பப் போடுற சுடோகு, அதாவது 9-க்கு 9 சதுரத்துக்குள் 3-க்கு 3 பெட்டிகளோட வர்றது, 1979 மே மாதம் அமெரிக்காவில் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் 'நம்பர் பிளேஸ்' என்ற பேரில் வந்தது. அமைச்சவர் பேர் புதிரின் மேலே கிடையாது.

பின்னாடி அவரைக் கண்டுபிடிச்ச விதம்தான் எனக்குப் பிடிச்ச கதை. நியூயார்க் டைம்ஸின் புதிர் ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் பழைய இதழ்களை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தார். இதழின் முன்பக்கத்தில் பங்களித்தவர்கள் பட்டியல் மட்டும் இருக்கும். நம்பர் பிளேஸ் வந்த இதழ்களில் எல்லாம் ஒரு பேர் இருந்தது. நம்பர் பிளேஸ் வராத இதழ்களில் அந்தப் பேர் இல்லை. ஹோவர்ட் கார்ன்ஸ், இண்டியானா மாநிலத்தில் ஓய்வு பெற்ற கட்டடக் கலைஞர், புதிர் வெளியானப்ப 74 வயசு. சுடோகுவைக் கண்டுபிடிச்சவரை சுடோகு போடுற முறையிலேயே கண்டுபிடிச்சிருக்காங்க! கார்ன்ஸ் 1989-லேயே இறந்துட்டார். தன்னோட புதிர் உலகம் முழுக்கப் போனதை அவர் பார்க்கலை.

1984-ல் அது ஜப்பான் போச்சு. நிகோலி என்ற புதிர் நிறுவனத்தின் மாகி காஜி அதுக்கு ஒரு நீள வாக்கியத்தைப் பேரா வச்சார். "எண்கள் கல்யாணம் ஆகாம தனியாவே இருக்கணும்" என்கிற மாதிரி அர்த்தம் வரும். அதைச் சுருக்கினதுதான் சுடோகு. குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்புற அவசரத்தில் வச்ச பேருன்னு அவரே சொல்லியிருக்கார். 2021-ல் பித்தநாளப் புற்றுநோயால் 69 வயசில் இறந்தார்.

நிகோலி ரெண்டு கட்டுப்பாடு கொண்டு வந்தது. முதலிலேயே கொடுக்கிற எண்கள் 32-க்கு மேல போகக் கூடாது. அவை இருக்கிற இடங்கள் சமச்சீரா இருக்கணும். அதை விட முக்கியம், அங்கே புதிர்களைக் கையால் அமைச்சாங்க. கையால் அமைக்கிறவருக்கு நீங்க எந்த வழியில் வருவீங்கன்னு தெரியும். கஷ்டமா இருந்தாலும் ஒரு வாசலைத் திறந்து வச்சுட்டுத்தான் போவார்.

இதை மாத்தினவர் ஒரு நீதிபதி. நியூசிலாந்துக்காரர் வெய்ன் கூல்ட், ஹாங்காங்கில் நீதிபதியா இருந்து ஓய்வு பெற்றவர். 1997-ல் டோக்கியோவில் ஒரு புத்தகக் கடையில் சுடோகு புத்தகத்தைப் பார்த்தார். புதிரைத் தானே தயாரிக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமை எழுத ஆறு வருஷம் செலவழிச்சார். 2004 நவம்பர் 12-ம் தேதி லண்டன் டைம்ஸ் வெளியிட ஆரம்பிச்சது. அடுத்த வருஷத்துக்குள் உலகம் பூரா பரவிடுச்சு. எந்த அளவுக்குன்னா, 2008-ல் சிட்னியில் ஒரு போதைப்பொருள் வழக்கு அறுபது நாளுக்கு மேல நடந்து, நூறு சாட்சிக்கு மேல விசாரிச்ச பிறகு ரத்தாச்சு. ஜூரிகள் குறிப்பு எடுக்கறாங்கன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. சுடோகு போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. மேலிருந்து கீழா எழுதறாங்களேன்னு சந்தேகம் வந்து மாட்டிக்கிட்டாங்க.

மெஷின் வந்ததும் ஒரு புது நிலைமை. மெஷினுக்கு நம்ம மேல இரக்கம் கிடையாது. விடை ஒண்ணே ஒண்ணா இருக்கான்னு மட்டும் பார்க்கும். "இந்தப் பெட்டியில் 5-க்கு இந்த இடம்தான்" என்கிற சாதாரண வழி பல புதிர்களில் நடுவழியில் நின்னு போச்சு. அப்போ ரெண்டு வகை ஆட்கள் உருவானாங்க. ஒரு கூட்டம் ஊகிச்சுப் போட்டுது. இன்னொரு கூட்டம் இணையத்தில் உட்கார்ந்து, ஊகிக்காம எப்படிப் போறதுன்னு ஆராய்ச்சியே பண்ணிச்சு. இன்னைக்கு நாம சொல்ற மேல்நிலை உத்திகளில் பாதிக்கு மேல் இந்த ரெண்டாவது கூட்டம் கண்டுபிடிச்சது, இல்லேன்னா பேர் வச்சது. பேராசிரியர்களை விட வாசகர்கள்தான் அதில் அதிகம்.

அதில் நாலைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பழக்கம் வேணும்: ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் என்னென்ன எண் வர வாய்ப்பிருக்கோ அதையெல்லாம் ஓரத்தில் பொடிசா பென்சிலில் எழுதுங்க. காய்ச்சலோட வர்றவரைப் பார்த்ததும் டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ்னு டாக்டர் மனசில் ஒரு பட்டியல் ஓடுமே, அது மாதிரி. அந்தப் பட்டியலை எழுதாம "எனக்குப் பார்த்தாலே தெரியும்" என்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் பயம். சுடோகுவிலும் சரி, கிளினிக்கிலும் சரி.

முதல் உத்தி எக்ஸ்-விங். ஸ்டார் வார்ஸ் படத்து விமானத்தின் பேர். 7-ஐ எடுத்துக்கங்க. இரண்டாவது கிடை வரிசையில் 7 வரக்கூடிய இடம் ரெண்டே ரெண்டு: 3-ம் நெடுவரிசையும் 8-ம் நெடுவரிசையும். ஆறாவது கிடை வரிசையிலும் அதே 3, அதே 8. இப்ப மேலே 7 மூணில் இருந்தா கீழே எட்டில் இருக்கும். மேலே எட்டில்னா கீழே மூணில். எதுன்னு தெரியாது. ஆனா ரெண்டு நெடுவரிசைக்கும் சேர வேண்டிய 7 இந்த நாலு மூலைக்குள்ளேயே முடிஞ்சு போச்சு. அதனால் அந்த ரெண்டு நெடுவரிசையில் மீதி இடங்களில் எழுதி வச்ச 7 எல்லாத்தையும் அழிச்சிடலாம். ரெண்டுக்கு பதிலா மூணு கிடை வரிசை, மூணு நெடுவரிசைன்னு விரிச்சா அதுக்குப் பேர் ஸ்வார்ட்ஃபிஷ், வாள்மீன். நாலுன்னா ஜெல்லிஃபிஷ். இந்தப் பேர்களைக் கேட்டு மிரள வேண்டாம், எல்லாம் ஒரே கணக்குதான்.

இரண்டாவது, எக்ஸ்-ஒய் விங். எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு கட்டத்தில் 2 அல்லது 5. அதோட ஒரே வரிசையிலோ பெட்டியிலோ இருக்கிற ரெண்டு கட்டங்களைப் பாருங்க: ஒண்ணில் 2 அல்லது 8, இன்னொண்ணில் 5 அல்லது 8. முதல் கட்டம் 2-ன்னா, பக்கத்துக் கட்டம் 2 ஆக முடியாது, அதனால் 8. முதல் கட்டம் 5-ன்னா மற்ற கட்டம் 8. எப்படிப் போனாலும் அந்த ரெண்டில் ஒண்ணு 8. ஆக, அந்த ரெண்டு கட்டத்துக்கும் பொதுவா மாட்டுற வேறெந்தக் கட்டத்திலும் 8 வராது. அழிங்க.

இதில் என்ன அழகுன்னா, முதல் கட்டத்தில் 2-ஆ 5-ஆன்னு இன்னும் நமக்குத் தெரியாது. தெரியாமலேயே ஒரு உறுதியான முடிவு எடுத்துட்டோம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்த முதல் நாள் நாங்க செய்யறது இதுதான். டெங்குவா, சாதாரண வைரஸ் காய்ச்சலான்னு அன்னைக்கே தெரியாது. எதுவா இருந்தாலும் பாராசிட்டமால் போதும், புரூஃபன் மாதிரி வலி மாத்திரை வேண்டாம்னு அன்னைக்கே சொல்லலாம். "என்ன காய்ச்சல்னே சொல்லாம மருந்து எழுதறாரே"ன்னு கோபப்படறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

மூணாவது உத்தியில்தான் சண்டை. டெட்சுயா நிஷியோ என்ற ஜப்பானியப் புதிர் அமைப்பாளரின் பேரால் நிஷியோன்னு சொல்வாங்க. ஒரு கட்டத்தில் 4 என்று வச்சுக்கிட்டு, அந்த 4-களை மட்டும் தொடர்ந்து போய்ப் பார்க்கறது. எங்காவது ஒரு வரிசைக்கு 4 வைக்க இடமே இல்லாம போனா, ஆரம்பத்தில் வச்ச 4 தப்பு. இது ஊகம்தானேன்னு ஒரு கூட்டம். இல்லைன்னு நான் சொல்வேன். ஊகிக்கிறவர் 4 சரின்னு நம்பி மேலே கட்டிக்கிட்டே போவார். நிஷியோ போடுறவர் அதை உடைக்கறதுக்காகவே வைக்கிறார். உடைஞ்சா அது நிரூபணம், உடையலைன்னா 4-ஐ எடுத்துட்டு பழைய இடத்துக்கே வந்துடுவார். "மருந்து கொடுத்துப் பார்ப்போம், கேட்டா இந்த நோய்தான்" என்கிற வைத்தியத்துக்கும், ஒரு டெஸ்ட் எடுத்து ஒரு நோயை விலக்கறதுக்கும் இருக்கிற வித்தியாசம்.

நாலாவது, தனித்த செவ்வகம். ரெண்டு கிடை வரிசை, ரெண்டு நெடுவரிசை, ரெண்டே பெட்டிக்குள் அடங்கின நாலு மூலைக் கட்டங்கள். மூணில் 4, 9 மட்டும். நாலாவதில் 4, 9, 5. நாலாவதிலும் 4-ஓ 9-ஓ வந்தா, நாலு கட்டத்திலும் 4-ஐயும் 9-ஐயும் மாத்திப் போட்டாலும் புதிர் சரியா வரும்; அதாவது ரெண்டு விடை. சுடோகுவுக்கு ஒரே விடைதான். ஆகவே அங்கே 5. தூய்மைவாதிகளுக்கு இது பிடிக்காது. புதிரை அமைச்சவரோட வாக்கை நம்பித்தானே இதைச் சொல்றீங்க, கட்டத்தில் ஆதாரம் எங்கேன்னு கேட்பாங்க. நியாயம்தான். நான் பேப்பரில் தயங்காம இதைப் பயன்படுத்துவேன். ஆஸ்பத்திரியில் மாட்டேன். உடம்பு நமக்கு அப்படி வாக்கு எதுவும் கொடுக்கலை. டெங்குவும் டைபாய்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே வரும்.

இந்த இடத்தில் நீங்க கேட்கப் போறது தெரியும். "டாக்டர், இதெல்லாம் போட்டா வயசான காலத்தில் மறதி வராதா?" 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. 1936-ல் பிறந்த 498 பேர், ஸ்காட்லாந்தின் அபர்டீன் பகுதி. அவங்க 11 வயசில் எழுதின அறிவுத்திறன் தேர்வின் மதிப்பெண்கள் கையில் இருந்தது. அறுபது வயசைத் தாண்டின பிறகு சுமார் 15 வருஷம் திரும்பத் திரும்பச் சோதிச்சாங்க. மூளைக்கு வேலை கொடுக்கிற பழக்கம் உள்ளவங்க உயரமான படியில் இருந்து இறங்க ஆரம்பிக்கிறாங்க. ஆனா இறங்குற வேகம் குறையலை. அதனால் சுடோகுவை மருந்தா எழுதிக் கொடுக்க மாட்டேன். அப்பாவுக்கு மறதி அதிகமாகுதுன்னா சுடோகு புத்தகம் வாங்கித் தர்றதோட நிறுத்தாதீங்க. பிரஷர், சுகர், காது கேட்குதான்னு பாருங்க, டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.

கடைசியா அந்தப் பழைய சண்டையின் பெரிய சுற்று. ஒரே விடை வரணும்னா குறைஞ்சது எத்தனை எண் கொடுக்கணும்? 17 கொடுத்து அமைச்ச புதிர்களை ஆஸ்திரேலியாவில் கோர்டன் ராயல் என்ற கணிதப் பேராசிரியர் சேகரிச்சார். கிட்டத்தட்ட 50,000 சேர்ந்தது. 16-ல் ஒண்ணு கூட சிக்கலை. "இவ்வளவு தேடியும் கிடைக்கலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?" ஆய்லரும் அப்படித்தான் நினைச்சார். இதுவரை பார்த்ததில்லை என்பதும் இல்லை என்பதும் ஒண்ணு இல்லை. டப்ளினில் கேரி மெக்கையர் குழு எல்லா சுடோகு கட்டங்களையும் ஒவ்வொண்ணா சோதிக்க முடிவு பண்ணிச்சு. திருப்பிப் போட்டது, எண்களை மாத்திப் போட்டது எல்லாத்தையும் ஒண்ணாக் கணக்கு வச்சாலும் 547 கோடிக்கு மேல். ஒவ்வொண்ணிலும் 16 எண்ணைத் தேர்வு செய்யற எல்லா வழியையும் பார்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. அங்கே கை கொடுத்தது மேலே சொன்ன செவ்வகம்தான். மாத்திப் போடக்கூடிய 4, 9 மாதிரி கூட்டம் எங்கெல்லாம் இருக்கோ, அங்கெல்லாம் ஒரு எண்ணாவது கொடுத்தே ஆகணும், இல்லேன்னா ரெண்டு விடை வந்துடும். இந்த ஒரு கருத்தை வச்சு வேலையைக் குறைச்சும் சுமார் 71 லட்சம் மணி நேரக் கம்ப்யூட்டர் உழைப்பு தேவைப்பட்டது. 2012 ஜனவரி 1-ம் தேதி அறிவிச்சாங்க: 16-ல் ஒரு புதிரும் கிடையாது.

கம்ப்யூட்டர் வேண்டாம், பென்சிலே போதும்கிற நிரூபணம் ஒண்ணும் இருக்கு. ஃபிஸ்டோமெஃபல் என்ற புனைபெயரில் புதிர் அமைக்கிறவர் காட்டினது. முடிஞ்ச சுடோகு எதையாவது எடுங்க. நடுப்பெட்டியைச் சுத்தி வளையம் மாதிரி இருக்கிற 16 கட்டங்களைக் குறிங்க. பிறகு முழுச் சதுரத்தின் நாலு மூலையிலும் 2-க்கு 2 ஆக நாலு நாலு கட்டம், அதுவும் 16. வளையத்தில் இருக்கிற எண்களும் மூலையில் இருக்கிற எண்களும் அப்படியே ஒண்ணா இருக்கும். எந்த சுடோகுவிலும்.

ஏன்? 3-வது, 7-வது கிடை வரிசைகளையும், நடு இடது பெட்டியையும் நடு வலது பெட்டியையும் சேர்த்தா, 1 முதல் 9 வரை நாலு தொகுப்பு. 1, 2, 8, 9 நெடுவரிசைகளைச் சேர்த்தாலும் நாலு தொகுப்பு. ரெண்டிலும் பொதுவா இருக்கிற கட்டங்களை அடிச்சிடுங்க. முதல் பக்கம் மிஞ்சறது வளையம், இன்னொரு பக்கம் மிஞ்சறது நாலு மூலை.

இன்னைக்குப் பேப்பரில் நேத்துப் புதிரோட விடை வந்திருக்கும். அதை எடுத்து, வளையத்தில் எத்தனை 1, மூலைகளில் எத்தனை 1-ன்னு ஆரம்பிச்சு 9 வரைக்கும் எண்ணிப் பாருங்க.